ஹப் நட்டை எதை நம்பி முறுக்குவது: கையையா, டார்க் ரெஞ்சையா, கன்னையா?

போன பிசான அறுப்பில் நெல்மூட்டை ஏற்றிய டிரெய்லரை வீரவநல்லூரிலிருந்து சேரன்மகாதேவிக்கு ஓட்டி வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு வாடை. பிரேக் தேய்ந்த வாடை மாதிரியும் இருந்தது, சட்டியில் எண்ணெய் கருகின மாதிரியும் இருந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் இடப்பக்க ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மூடியைச் சுற்றி கிரீஸ் உருகி, விளக்கெண்ணெய் போல வடிந்து, ரிம்மில் கோடு கோடாக ஓடியிருந்தது. புறங்கையை அருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, தொடக்கூடாது என்று. வலப்பக்க ஹப்பும் சூடுதான், ஆனால் கை வைக்க முடிந்தது.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் இரண்டு சக்கரத்தையும் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டியிருந்தது. எந்தப் பட்டறை என்று சொல்ல வேண்டாம். மாட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். வலப்பக்கம் மாட்டியவர் வயதானவர், ஏதோ முனகிக்கொண்டே மெதுவாகச் செய்தார். இடப்பக்கம் ஒரு பையன். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். "இனி அசையவே அசையாது அண்ணாச்சி" என்றான். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்கு இரண்டு பேரிங், ஒரு சீல், மூட்டையை வேறு வண்டிக்கு மாற்றிய கூலி என்று செலவு ஏறியது.

அதிலிருந்து ஆளுக்கொரு யோசனை. ஊரில் டிராக்டர் வேலை பார்க்கும் பெரியவர், "கைப்பதம்தான் தம்பி கணக்கு, மத்ததெல்லாம் வேடிக்கை" என்கிறார். பாளையங்கோட்டையில் படிக்கும் தங்கை மகன், "டார்க் ரெஞ்ச் வாங்குங்க மாமா, வைச்ச அளவுக்கு முறுக்கு வந்ததும் டக்குன்னு ஒரு சத்தம், வேலை முடிஞ்சுது" என்கிறான். காருக்கு டயர் மாற்ற வண்ணார்பேட்டைப் பக்கம் போயிருந்தபோது, அங்கே காற்றுக் கன்னை (காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும், துப்பாக்கி மாதிரிக் கருவி) வைத்து எல்லா நட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் இறுக்கினார்கள். எங்கள் வீட்டில் டிராக்டர், டிரெய்லர், முன்சக்கரம் இழுக்கும் ஒரு சின்னக் கார், ஒரு பைக் இருக்கின்றன. எதற்கு எந்த வழி என்று முடிவு செய்யாமல் அடுத்த கார் நெல் பருவத்துக்குள் போக எனக்கு மனசில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர் சொல்வது டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் சரி. மருமகன் சொல்வது காருக்குச் சரி. கன், கழற்றுவதற்கு மட்டும் சரி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி நட்டுதான். உள்ளே என்ன பேரிங் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிரெய்லர் ஹப்பைக் கழற்றினால் இரண்டு பேரிங் வரும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சின்னது. உருளைகள் ஒருமுனை பருத்து, மறுமுனை சிறுத்து, சாய்வாக உட்கார்ந்திருக்கும். டேப்பர் ரோலர் என்பது இதுதான். ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கக் குதிரைவண்டி தயாரிப்பாளர் 1898-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, இதுவே வண்டிப்பட்டறையில் பிறந்த சரக்குதான். சாய்வாக இருப்பதால் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் சேர்த்தே தாங்கும். ஆனால் அதே சாய்வால் நட்டுக்கு இங்கே இரண்டு வேலை. சக்கரம் கழன்று போகாமல் பிடிப்பது ஒன்று. உருளை கப்புக்குள், அதாவது வெளிவளையத்துக்குள், எவ்வளவு ஆழம் போய் உட்கார வேண்டும் என்று அளவு வைப்பது இன்னொன்று. முறுக்க முறுக்க உருளைகள் ஆப்பு அடித்த மாதிரி உள்ளே இறுகும்.

இப்படிப்பட்ட ஹப்பில் விடவேண்டிய ஆட்டம் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை. ஒரு தலைமுடி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நட்டின் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். நட்டு திரும்பிவிடாமல் அச்சின் துளையில் ஸ்பிளிட் பின் போடுகிற நட்டில், அந்தப் பின் உட்கார ஆறு வாய் வெட்டியிருக்கும். புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு வாய் திருப்பினால் நட்டு 0.25 மில்லிமீட்டர் நகர்கிறது. அதாவது ஒரே ஒரு வாய், அனுமதித்த ஆட்டம் முழுவதையும் தின்றுவிட்டு அதற்கு மேலும் போகும். இதனால்தான் சில அச்சில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளை போட்டிருப்பார்கள், அரை வாயிலும் பின் போட முடியும்.

இனி அந்தப் பையனின் குதிப்பைக் கணக்கிடலாம். 60 கிலோ ஆள், நட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி சும்மா ஏறி நின்றாலே சுமார் 294 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) முறுக்கு விழும். குதித்தால் அதற்கும் மேல். கடைசியில் விரலால் இறுக்கி நிறுத்த வேண்டிய நட்டு அது. ஆட்டமே இல்லாமல் இறுகிய பேரிங் சுற்றும்போது சூடாகிறது. சூட்டில் உள்வளையமான கோனும் அச்சும் விரிகின்றன. விரிந்தால் இன்னும் இறுகுகிறது, இன்னும் சூடாகிறது. கிரீஸ் உருகி ஓடிவிட்டால் இரும்பும் இரும்பும்தான். நான் நின்று பார்க்காமல் ஓட்டியிருந்தால் கோன் அச்சோடு ஒட்டிப்போயிருக்கும். சக்கரமே கழன்று ஓடுவதும் உண்டு.

லூஸாக விட்டால்? அதுவும் கெடுதல்தான், ஆனால் நிதானமான கெடுதல். சீல் கசியும். டயர் ஒருபக்கமாகத் தேயும். உருளை முழுநீளத்துக்கும் பாரம் வாங்காமல் ஓரத்தில் மட்டும் வாங்கும். இதற்கெல்லாம் நாள் ஆகும், சத்தமும் ஆட்டமும் முன்கூட்டியே சொல்லிவிடும். அதனால் டேப்பர் பேரிங்கில் சந்தேகம் வந்தால் ஒரு பொட்டு லூஸ் பக்கம் சாய்வதே மேல். பையன்களுக்கு இது ஏறவே மாட்டேன் என்கிறது. இறுக்கம் என்றால் பத்திரம் என்றுதான் கை பழகியிருக்கிறது.

கைப்பதம் என்றதும் மனம்போனபடி முறுக்குவது என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவரை வீட்டுக்கே கூப்பிட்டு, புளியமரத்தடியில் டிரெய்லரை நிறுத்தி, முழுக்கப் பார்த்தேன். ஜாக்கியில் தூக்கி அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். பழைய கிரீஸை டீசல் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்தார். அப்புறம் இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளுக்கு இடையே மேல்பக்கமாகக் கிரீஸ் புழு மாதிரி நெளிந்து வெளியே வரும் வரை. வந்ததும் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். மேலே பூசிவிட்டால் போதாது, உள்ளே போக வேண்டும். ஹப் குழி முழுக்கக் கிரீஸை அடைக்கவும் இல்லை. அடைத்தால் சூடாகி விரிந்து சீலைத் தள்ளிவிடுமாம்.

மாட்டி, நாக்கு வைத்த வாஷரைப் போட்டார். இந்த வாஷரின் நாக்கு அச்சில் வெட்டியிருக்கும் காடியில் உட்காரும். சிலர் இது தொலைந்தால் சாதா வாஷரைப் போட்டுவிடுகிறார்கள். அது கூடாது. ஓட்டத்தில் கோன் மெல்ல நகரும்போது அந்த நகர்வு நட்டுக்குப் போகாமல் தடுப்பது இந்த நாக்குதான். அப்புறம் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் ஸ்பேனரை நன்றாக இறுக்கினார். சுற்றிக்கொண்டே என்பதுதான் உயிர்நாடி. நிற்கும் சக்கரத்தில் இறுக்கினால் உருளைகள் கோணல்மாணலாக மாட்டிக்கொண்டு இறுகிய மாதிரி பொய் காட்டும். நாலு கிலோமீட்டர் ஓடியதும் தானாக நேராகி, நட்டு லூஸாக நிற்கும். சுற்றி இறுக்கினால் உருளைகள் தங்கள் இடத்தில் போய் உட்காரும். சக்கரம் கனத்ததும் நிறுத்தினார். உடனே நட்டை முழுக்கத் தளர்த்தினார், இந்தமுறை சக்கரத்தைச் சுற்றாமல். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலால் நட்டைத் திருப்பி, தானாக நிற்கும் இடத்தில் விட்டார். பின் துளை நேராக வரவில்லை. "முன்னால தள்ளாதே, பின்னால வா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வாய்க்குப் பின்னோக்கித் திருப்பி ஸ்பிளிட் பின்னைச் செருகினார்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருந்தது. "அதுதான்" என்றார்.

இந்த முறையில் ஆட்டத்தை, மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்துவிட்டால் முழு நிம்மதி. லாரிப் பட்டறைகளில் அப்படித்தான் செய்ய வேண்டும், அங்கே நட்டின் முறுக்குக்கும் படிப்படியாக எண் இருக்கிறது. டிரெய்லருக்கும் டிராக்டர் முன்சக்கரத்துக்கும் விரலே போதும் என்பது என் கட்சி. காரணம் செலவு அல்ல. எங்கள் டிராக்டர் ஹப்பை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது திறந்தாக வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் கார் நெல்லுக்கு ஒரு தொழி (சேற்றுழவு), பிசானத்துக்கு ஒரு தொழி. ஓடிச் சூடான ஹப் தொழித்தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. திறந்து பார்த்தால் கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்தக் கிரீஸோடு எவ்வளவு சரியாக நட்டு வைத்தாலும் துரு தின்றுவிடும். அடிக்கடி திறக்கிற இடத்துக்கு, வீட்டிலேயே செய்ய முடிகிற வழிதான் நிலைக்கும்.

காருக்கு வருவோம். இங்கே கைப்பதத்தை நம்பினால் மோசம் போவோம்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் சீல் வைத்த ஒரே உருப்படியாகப் பேரிங் வருகிறது. உள்ளே இரண்டு வரிசைக் குண்டுகள். உள்வளையம் பல பேரிங்குகளில் இரண்டு துண்டாக இருக்கும். அந்த இரண்டு துண்டையும் விலகாமல் சேர்த்துப் பிடிப்பதுதான் ஆக்சில் நட்டின் வேலை. ஆட்டம் எவ்வளவு என்பதைத் தயாரிக்கும்போதே கடைந்து வைத்துவிட்டார்கள், நாம் வைப்பதற்கு ஒன்றுமில்லை. நட்டுக்குச் சொன்ன முறுக்கு விழுந்தால் இரண்டு துண்டும் முட்டி நிற்கும், உள்ளளவு தானாகச் சரியாகிவிடும். குறைந்தால் துண்டுகள் ஓட்டத்தில் அசைந்து, சீக்கிரமே விமானம் மாதிரி உறுமல் தொடங்கும். டிரெய்லரில் ஒரு பொட்டு லூஸ் நல்லது என்றேன் அல்லவா, இங்கே அதே ஒரு பொட்டு லூஸ் எமன்.

முறுக்கின் அளவு காருக்குக் கார் மாறும். சின்னக் கார்களில் 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் என்ற வட்டாரத்தில் இருக்கும், உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். 150-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கையும் சொல்லாது. காலையில் ஒரு பலம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பலம். இங்கே டார்க் ரெஞ்ச்தான்.

அதை வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அது ஒரு தராசு. கீழே போட்டால், நட்டைக் கழற்றப் பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் அதில் வைத்த அளவைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் கணக்கு தப்பும். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். ‘டக்’ வந்ததும் நிறுத்த வேண்டும், இரண்டாம் டக் கேட்கும் ஆசை கூடாது. வாங்கும்போது உச்ச அளவையும் பார்க்க வேண்டும். 210 வரை போகும் ரெஞ்சை வாங்கிவிட்டு, காருக்கு 230 வேண்டும் என்று பிறகு தெரிந்தால் சங்கடம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். ஆக்சில் நட்டு கழன்றிருக்கும்போதோ லூஸாக இருக்கும்போதோ காரின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்கக்கூடாது. பட்டறையில் இடம் வேண்டும் என்று தள்ளி ஓரமாக நிறுத்துவதும் சேர்த்துத்தான். கவ்விப் பிடிக்க ஆள் இல்லாத பேரிங்கில் பாரம் விழுந்தால் குண்டு ஓடும் பாதையில் தழும்பு விழுந்துவிடும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, சக்கரம் தூக்கியிருக்கும்போதே முழு முறுக்கையும் கொடுத்துவிட வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஊர்ப்புறத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு குறுக்குவழி உண்டு. மருமகன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். வாழைத்தார் நிறுக்கிற கொக்கித் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் பைப்பில் மாட்டி, பைப்புக்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு 20 கிலோ காட்டும்போது முறுக்கு சுமார் 196 நியூட்டன் மீட்டர். ஒரு கிலோவுக்கு 9.8 என்று பெருக்கிக்கொள்ளலாம். தராசு சரியாக இருந்தால் குதிப்பதைவிட ஆயிரம் மடங்கு தேவலை.

கன்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துருவேறிய நட்டைக் கழற்ற அதைவிடத் தெய்வம் இல்லை. இறுக்க மட்டும் அதைப் பயன்படுத்தக்கூடாது, அவ்வளவுதான். கம்ப்ரசரில் காற்று நிறைந்திருந்தால் ஒரு முறுக்கு, குறைந்திருந்தால் ஒரு முறுக்கு. சில இடங்களில் கன்னால் இறுக்கிவிட்டு, நம் கண்முன்னே டார்க் ரெஞ்சை வைத்து ஒரு ‘டக்’ காட்டுவார்கள். வெறும் சடங்கு. ஏற்கெனவே 400 ஏறிய நட்டிலும் 200-க்கு வைத்த ரெஞ்ச் டக் என்றுதான் சொல்லும். குறையவில்லை என்று அது சொல்லும், கூடிவிட்டது என்று ஒருநாளும் சொல்லாது.

நட்டைப் பூட்டும் விதத்திலும் தேர்வு உண்டு. பல கார்களின் ஆக்சில் நட்டில் மெல்லிய விளிம்பு இருக்கும். இறுக்கிய பிறகு உளியால் அதை அச்சின் காடிக்குள் நசுக்கிவிடுவார்கள். கழற்றும் முன் அந்த நசுக்கை நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புரி போகும். ஒருமுறை நசுக்கிய நட்டு ஒருமுறைதான். அடுத்ததற்குப் புதிது. ஸ்பிளிட் பின்னும் அப்படியே. கம்பியையும் ஆணியையும் வளைத்துச் செருகுவதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். மாட்டுவண்டிக் கடையாணிப் பழக்கம் அது. கடையாணிக்குச் சக்கரம் ஓடிவிடாமல் தடுப்பது ஒன்றுதான் வேலை, இடையில் விரல் போகும் ஆட்டம் இருந்தாலும் கட்டைவண்டி கவலைப்படாது. பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை நட்டு. வெளிநட்டை இறுக்கும்போது புரிக்குள் இருக்கும் சின்னத் தளர்வின் அளவுக்கு உள்நட்டு உள்ளே தள்ளப்படும். ஆகவே பூட்டிய பிறகு ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

பைக்கில் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும். அதைப் போட மறந்தாலோ குட்டையானதைப் போட்டாலோ எந்த ரெஞ்சும் காப்பாற்றாது. முறுக்குக்கு மேனுவல் எண். செயின் இழுத்த பிறகு நட்டை முறுக்க மறக்காமல் இருந்தால் சரி.

அடுத்த கேள்வி, ஆட்டம் தெரிகிறது என்றால் நட்டை முறுக்குவதா, பேரிங்கை மாற்றுவதா. முதலில் அது பேரிங் ஆட்டம்தானா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டும்போது ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டுகளான கிங் பின்னிலோ பால் ஜாயின்டிலோ கோளாறு. டேப்பர் என்றால் திறந்து பார்த்து, உருளையும் கப்பும் கண்ணாடியாக இருந்தால் கிரீஸ் வைத்து மறுபடி அளவு வைக்கலாம். அம்மைத் தழும்பு போலப் பொத்தல் விழுந்திருந்தாலோ, என்னுடையது போல நீலம் பாய்ந்திருந்தாலோ, கப்பும் கோனும் சேர்த்தே மாற்ற வேண்டும். கப்பை விட்டுவிட்டுக் கோனை மட்டும் மாற்றுவது பழைய உரலுக்குப் புது உலக்கை. காரில் இந்தக் கேள்வியே கிடையாது. உறுமத் தொடங்கிய சீல் பேரிங் எவ்வளவு முறுக்கினாலும் திரும்பி வராது. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், வண்டி இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடுகிறதா பாருங்கள். கூடினால் பெரும்பாலும் வலப்பக்கம்தான், வளைவில் பாரம் அங்கேதான் சாய்கிறது. மாற்ற, பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடத்தில் விடாதீர்கள்.

நான் செய்தது இதுதான். சில ஆயிரம் ரூபாய்க்கு அரை அங்குல டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, காருக்கும் பைக்குக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். மருமகன் அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறான், அவனைக் கேட்காமல் தொடக்கூடாதாம். டிரெய்லரை நானே பெரியவர் சொன்னபடி விரலால் வைத்தேன். பாரம் ஏற்றாமல் பத்தமடை வரை ஓட்டிப்போய், டீக்கடை முன்னால் நிறுத்தி, இறங்கி இரண்டு ஹப்பிலும் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இளஞ்சூடு. டீயைக் குடித்துவிட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.